ரிமோட் லொறி வாங்கும் முன்: வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும் சில வார்த்தைகள்



அலவத்துகொட, அக்குறணைப் பக்கத்துச் சொந்தங்களுக்கு,

ரிமோட் லொறி ஓட்டுகிற எங்களைப் பார்த்து ஊரில் இரண்டு கேள்விகள் அடிக்கடி கேட்கப்படுகின்றன. "தாடி வைத்த ஆம்பிளைகளுக்கு இதென்ன சின்னப் பிள்ளை விளையாட்டு?" என்பது ஒன்று. "இது இஸ்ராப் இல்லையா?" என்பது மற்றது. முதல் கேள்விக்கு நாங்களும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போகிறோம். இரண்டாவது நியாயமான கேள்வி. பெருநாள் காசு கையில் வந்ததும் பிள்ளைகள் கேட்பது இந்த லொறியைத்தான் என்பதால் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் கருத்து இதுதான். வாங்கி, ஒரு கிழமை ஓட்டி, உடைந்ததும் குப்பையில் போடுகிற லொறி விலை குறைந்ததாக இருந்தாலும் வீண்விரயம்தான். கழற்றி, துடைத்து, தேய்ந்த பாகத்தை மாற்றி, வருடக்கணக்கில் பாவிக்கிற லொறி அந்தக் கணக்கில் சேராது. ஆகவே திருத்த முடியாத லொறியைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். வாங்கினால் கூடவே ஒரு ஸ்க்ரூ டிரைவரும் வாங்கிக் கொடுங்கள்.

இரண்டு வகை லொறிக்கும் வித்தியாசம் என்ன? மலிவான விளையாட்டுச் சாமான்களில் ரிமோட் சிக்னலை வாங்குவது, மோட்டரை ஓட்டுவது, ஸ்டியரிங்கைத் திருப்புவது எல்லாம் ஒரே போர்டில் இருக்கும். ஒன்று எரிந்தால் எல்லாம் போச்சு. உதிரிப் பாகம் என்று கேட்டால் கடைக்காரர் புது லொறியைத்தான் காட்டுவார். பொழுதுபோக்குக்கென்றே செய்யப்படுகிற லொறிகளில் மோட்டர், கியர், டயர், ஷாப்ட் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். சீனாவின் டபிள்யூபிஎல் கம்பனியின் 1:16 அளவு லொறிகளை ஓடத் தயாராகவும் வாங்கலாம், பூட்டாத கிட்டாகவும் வாங்கலாம். நாங்கள் சொல்வது பூட்டாத கிட்டைத்தான். தானே பூட்டிய பிள்ளைக்கு எந்த ஆணி எங்கே போகிறதென்று தெரியும். உடைந்தாலும் பயப்படாது.

இந்தப் பொழுதுபோக்கை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்களில் ஜப்பானின் தமியா கம்பனி முக்கியமானது. ஷிஸுஓக்கா நகரில் 1946இல் மர ஆலையாகத் தொடங்கிய நிறுவனம் அது. பிறகு மரத்தில் மாதிரிகள் செய்தார்கள், அதன்பின் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். 1976இல் வந்த அவர்களுடைய முதல் ரிமோட் கார் போர்ஷே 934. போர்ஷேயைச் சரியாகச் செய்வதற்காக உண்மையான போர்ஷே 911 ஒன்றை வாங்கிக் கழற்றிப் பார்த்தார்கள் என்பது இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த கதை. இன்று அவர்களுடைய 1:14 அளவு கண்டெய்னர் லொறிகளில் ரிமோட்டிலிருந்தே மூன்று கியர் மாற்றலாம். அதுவும் பெட்டிக்குள் துண்டு துண்டாகத்தான் வருகிறது. விலை எங்களைப் போன்ற ஆசிரியர் சம்பளக்காரர்களுக்கு எட்டாது. ஆனால் பூட்டிப் படிப்பது என்ற முறை மலிவான கிட்டிலும் அதேதான்.

பராமரிப்பு என்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்காக எங்கள் வழக்கத்தைச் சொல்கிறோம்.

ஓட்டி முடிந்ததும் முதல் வேலை பெட்டரியைக் கழற்றுவது. சேற்றைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டித் துடைக்க வேண்டும். எங்கள் ஊர் மழைக்கு லொறி நனையாமல் இருக்காது. "வோட்டர் புரூப்" என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் அது பெரும்பாலும் மின் பாகங்களுக்குத்தான். பெயாரிங் துருப்பிடிக்கும். சில்லுகளைக் கழற்றி, ஈரம் துடைத்து, காயவிட்டு, பெயாரிங்குக்கு ஒரு துளி எண்ணெய் போதும்.

மோட்டரின் சிறிய பற்சில்லும் பெரிய பற்சில்லும் சேரும் இடத்தில் இறுக்கமும் கூடாது, தளர்வும் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு கடதாசித் துண்டை வைத்து நெருக்கிப் பூட்டி, பிறகு கடதாசியை எடுத்துவிட்டால் இடைவெளி சரியாக வரும். பிளாஸ்டிக்கில் போகும் ஆணியைப் பலமாக முறுக்கினால் மரை போய்விடும். ஓடிய மோட்டரில் சில வினாடிகள் விரல் வைக்க முடியாவிட்டால் அன்றைக்கு ஓட்டம் போதும் என்று அர்த்தம்.

இதைச் செய்கிற பிள்ளை தன்னை அறியாமலே விஞ்ஞானம் படிக்கிறது. 12 பல்லுள்ள சில்லு 36 பல்லுள்ள சில்லைச் சுற்றினால் வேகம் மூன்றில் ஒன்றாகும், முறுக்கு விசை ஏறக்குறைய மூன்று மடங்காகும். கரும்பலகையில் சொன்னால் கொட்டாவி வருகிற இந்தக் கணக்கு, லொறி ஏற்றத்தில் திணறும்போது உடனே விளங்கும். எங்கள் மேட்டு வீதிகளில் பஸ் டிரைவர் ஏன் சின்னக் கியருக்கு வருகிறார் என்பதும் விளங்கும்.

அடுத்தது பெட்டரி. பெற்றோர் இதை மட்டுமாவது முழுமையாக வாசியுங்கள்.

இந்த லொறிகள் பலவற்றில் லித்தியம் பொலிமர் பெட்டரி இருக்கிறது. 7.4 வோல்ட் பெட்டரிக்குள் இரண்டு செல்கள். ஒரு செல் முழுதாக நிறைந்தால் 4.2 வோல்ட். ஓட்டும்போது 3.2க்குக் கீழே போகவிடக் கூடாது. பல நாள் ஓட்டாமல் வைப்பதென்றால் 3.8 அளவில் வைக்க வேண்டும். 2200 எம்ஏஎச் பெட்டரிக்கு 2.2 அம்பியருக்கு மேல் சார்ஜ் கொடுக்காதீர்கள். லித்தியத்துக்கென்று செய்த, செல்களைச் சமப்படுத்துகிற சார்ஜரைத் தவிர வேறெதையும் பாவிக்க வேண்டாம். போன் சார்ஜரை வெட்டி வயரை முறுக்கிப் பூட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். மெத்தை, திரைச்சீலை, ஓதல் கிதாபுகள் பக்கத்தில் வைக்காதீர்கள். சீமெந்துத் தரையில், மண் சட்டிக்குள் வைத்து, ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது சார்ஜ் பண்ணுங்கள். பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல் இருக்கட்டும். ஊதிய பெட்டரியைத் திரும்பப் பாவிக்கக் கூடாது, குத்தவும் கூடாது. தீப்பிடித்தால் முதலில் பிள்ளைகளை வெளியே எடுங்கள், அந்தப் புகையைச் சுவாசிக்காதீர்கள். எங்கள் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. ஒரு வீட்டின் கவனக்குறைவு அடுத்த வீட்டுக்காரரின் தலையிலும் விழும். சின்னப் பிள்ளைகளுக்கென்றால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பெட்டரி போதும். வேகம் கொஞ்சம் குறையும், பெற்றோருக்கு நிம்மதி கூடும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறோம்? எங்கள் ஊரில் கையில் கிரீஸ் படிகிற வேலைக்கு மரியாதை குறைவு. "படிக்காவிட்டால் கராஜுக்குத்தான் போக வேண்டி வரும்" என்று பிள்ளையை வெருட்டுகிறோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025இல். அந்த ஐந்து வருடமும் எங்கள் த்ரீவீலரையும் வேனையும் லொறியையும் ஓட வைத்தவர்கள் யார்? அந்தக் கராஜ் பாஸ்மார்தான். வீட்டு வாசலில் அவர்களுக்காகக் காத்திருந்த நாங்கள் பிள்ளைகளிடம் அந்தத் தொழிலைத் தாழ்த்திப் பேசுவது எந்த வகையில் நியாயம்?

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் தொடங்கப்பட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதை "வேறொன்றும் கிடைக்காதவர்கள் போகும் இடம்" என்று பார்க்கிற பெற்றோர் இருக்கிறார்கள். ஆணி கழற்றப் பழகிய பிள்ளை அந்தப் பிரிவுக்கு விருப்பத்தோடு போகும். பெண் பிள்ளைகளையும் இதில் சேர்த்துத்தான் சொல்கிறோம். நானாவின் லொறியைத் தங்கச்சி கழற்றினால் அவளைத் திட்டாதீர்கள். திரும்பப் பூட்டச் சொல்லிக் கொடுங்கள்.

இன்னும் ஒரு கேள்வி வரும்: "படிப்புக் கெடாதா?" ஓட்டம் மட்டும் என்றால் கெடலாம். ஒரு பெட்டரி பெரும்பாலும் இருபது, முப்பது நிமிடத்தில் முடிந்துவிடும். போனுக்கு அப்படியொரு எல்லை இல்லை. மீதி நேரம் துடைப்பதிலும் பூட்டுவதிலும் போகிறது, அது வாப்பாவும் மகனும் சேர்ந்து உட்காரக்கூடிய நேரம். ஒன்றுக்கு மேல் பெட்டரி வாங்கிக் கொடுக்காமல் விட்டால் எல்லை தானாகவே இருக்கும்.

கடைசியாக, ஓட்டுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கண்டி – மாத்தளை வீதியோரத்தில் ஒருபோதும் ஓட்டாதீர்கள். லொறியின் பின்னால் பிள்ளை ஓடும், பஸ் நிற்காது. அடுத்தவர் வயலில் கேட்டுவிட்டு ஓட்டுங்கள், நெல் நிற்கும்போது கேட்கவும் வேண்டாம். அதான் சொன்னால் லொறி நிற்க வேண்டும். வாங்க வசதியில்லாத பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்தால் ரிமோட்டை அதன் கையிலும் கொஞ்சம் கொடுங்கள்.

வீட்டில் ஓடாத லொறி ஏதும் கிடந்தால் வீசிவிட வேண்டாம், ஒருவருக்கொருவர் கொடுத்து உதவுங்கள். ஒன்றின் மோட்டரும் இன்னொன்றின் சில்லும் சேர்ந்து ஒரு பிள்ளைக்கு லொறியாகும். பெட்டரி பற்றிய பகுதியையாவது உங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் பகிருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், இன்ஷா அல்லாஹ் பதில் தருகிறோம்.