பத்து வரிக்குக் குறையாமல்

இந்த நாட்டில் பணக்காரனாக இருக்க எந்தச் சர்டிபிகேட்டும் தேவையில்லை. ஏழையாக இருப்பதற்குத்தான் தாசில்தார் கையெழுத்து வேண்டும்.

படிப்புக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பம் போட்ட அனுபவம் உண்டா உங்களுக்கு? அப்பா பெயர், அம்மா பெயர், ஆதார், பாங்க் பாஸ்புக் முதல் பக்கம், வருமானச் சான்று, ஜாதிச் சான்று, வீடு சொந்தமா வாடகையா, ஓடா ஓலையா, கூடப் பிறந்தது எத்தனை, அதில் கல்யாணம் ஆனது எத்தனை... பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இத்தனை கேட்பதில்லை. அவர்களுக்காவது பஜ்ஜி கொடுத்து வாயை அடைக்கலாம்.

நான் பி.காம். எழுதுகிற காசு போதாததால், பக்கத்து ஊரில் ஒரு கல்வி அறக்கட்டளைக்கு மாதம் இரண்டு சனிக்கிழமை போய்க் கணக்கு எழுதித் தருகிறேன். (எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்காதீர்கள். நான் சொல்லப்போவதே அந்த மாதிரிக் கேள்விகளைப் பற்றித்தான்.) அறக்கட்டளையின் பெயர் வேண்டாம். நல்லவர்கள். வருஷத்துக்கு நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டுகிறார்கள். நடுவில் ஒரு ரூபாய் யார் பைக்கும் போவதில்லை. வவுச்சர் பார்த்தவன் சொல்கிறேன்.

நல்லவர்கள் என்பதால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது. நம் விவரங்கள் திருடன் கையில் கிடைத்தால் போலீஸுக்கு ஓடுகிறோம். நல்லவர்கள் கையில் கிடைத்தால் அப்புறம் அது என்ன ஆயிற்று என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. உதவி செய்கிறவரிடம் போய்க் கணக்குக் கேட்பதாவது!

அந்த விண்ணப்பத்தில் 34 கேள்விகள். கடைசிக் கேள்வி இது: 'உங்கள் குடும்பச் சூழ்நிலையைச் சொந்த நடையில் விவரிக்கவும். பத்து வரிக்குக் குறையாமல்.' 'நான் கண்ட கனவு' என்று பரீட்சையில் கட்டுரை கேட்டால் நாலு வரியில் நாக்குத் தள்ளுகிற பிள்ளைகள், இதில் பின்பக்கம் திருப்பி எழுதியிருக்கும். குடிக்கிற அப்பா, ஓடிப்போன அப்பா, கந்துவட்டி, அக்காவுக்கு வலிப்பு. கமிட்டியில் உட்கார்ந்து படித்துப் பார்த்து, எந்தப் பத்து வரி தொண்டையை அடைக்கிறதோ அதற்குப் பணம். மற்றவர்களின் கஷ்டம் கொஞ்சம் நடை போதாமல் தோற்றுவிடும்.

சரி, தேர்ந்தெடுத்தாயிற்று. அந்தக் காகிதங்கள் எங்கே இருக்கின்றன? ஸ்டீல் பீரோவில். பீரோ சாவி? பீரோவின் கைப்பிடியிலேயே சணல் கயிற்றில் தொங்குகிறது, தொலைந்துவிடக் கூடாதாம். ஸ்கேன் செய்த காப்பி கம்ப்யூட்டரில். பாஸ்வேர்ட், மானிட்டரின் நெற்றியில் மஞ்சள் துண்டுச் சீட்டில். தேர்வான பிள்ளைகளின் பட்டியல் வாட்ஸ்அப் குரூப்பில்: பெயர், போன் நம்பர், பாங்க் அக்கவுன்ட் நம்பர் சகிதம். குரூப்பில் யார் யார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. போன வருஷம் சாமியானா போட்டவர்கூட இன்னும் இருக்கிறார்.

பட்டியல் போய்ப் பதினைந்து நாள் இருக்கும். 'அம்மா, உங்க பையனுக்கு ஸ்காலர்ஷிப் சாங்ஷன் ஆயிடுச்சு, ஒரு நம்பர் வரும், சொல்லுங்க' என்று போன்கள். பையன் பெயர், காலேஜ், தொகை எல்லாம் சுத்தமாகச் சொன்னால் எந்த அம்மா சந்தேகப்படுவாள்? ஒருத்தர் சொல்லிவிட்டார். மகளிர் குழுவில் கடன் வாங்கிப் போட்டு வைத்திருந்த பணம் போயிற்று. பட்டியல் எந்த வழியாகப் போனது என்று இதுவரை தெரியவில்லை. (இப்படி ஆனால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியில் மடக்க வாய்ப்பு உண்டு.)

ஆனால் நான் சொல்ல வந்தது பணம் போன கதை அல்ல.

ஆண்டு விழா. குத்துவிளக்கு, பொன்னாடை, கதவு சைஸில் அட்டை செக். மைக் பிடித்தவருக்கு உற்சாகம். ஒரு பெண் மேடையேறியதும், கையிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்து, 'இந்தக் குழந்தையின் தந்தை வேறொரு பெண்ணுடன் போய்விட்டார். தாய் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து...' என்று ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். கூட்டம் மொத்தமாக 'உச்' கொட்டியது. அந்தப் பெண்ணுக்குப் பதினேழு வயது. கூட்டத்தில் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர்.

அறக்கட்டளையில் ஒரு புகார்ப் பெட்டி உண்டு. சிவப்புப் பெயின்ட் அடித்து, மேனேஜர் மேஜைக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறார்கள். யார் போடுகிறார்கள் என்று அவர் பார்த்துக்கொள்ளலாம். சாவியும் அவர் இடுப்பில். மூன்று வருஷத்தில் பெட்டியில் விழுந்தவை: பஸ் டிக்கெட்டுகள், ஒரு சாக்லேட் பேப்பர், ஒரு கல்யாணப் பத்திரிகை. 'பாத்தீங்களா தம்பி, ஒரு புகார் கிடையாது' என்பார் பெருமையாக. அவர் தலைமை ஆசிரியராக இருந்து ரிடையர் ஆனவர். எனக்கோ காமர்ஸ் புத்தி. தினமும் ஒரு பைசா வித்தியாசமில்லாமல் டாலி ஆகிற கேஷ் புக்கைப் பார்த்தால் எந்த ஆடிட்டருக்கும் வயிற்றைக் கலக்கும்.

விழா முடிந்த அடுத்த சனிக்கிழமை பெட்டியில் நிஜமாகவே ஒரு காகிதம். மேனேஜர் அதை ஹாலுக்கு எடுத்துப்போய், டியூஷனுக்கு வந்திருந்த பிள்ளைகள் முன்னால் உரக்கப் படித்தார். 'எங்கள் வீட்டு விஷயத்தை மைக்கில் சொல்ல நான் சம்மதிக்கவில்லை. பணம் கேட்டு எழுதினேன், எல்லோருக்கும் சொல்லச் சொல்லி எழுதவில்லை.' கையெழுத்து இல்லை.

"யாரு எழுதினது? பயப்படாம எந்திரிச்சுச் சொல்லுங்க. நான் ஒண்ணும் பண்ணமாட்டேன்."

பள்ளிக்கூடத்தில் இந்த வசனத்தைக் கேட்டவர்கள் யாரும் எழுந்ததில்லை. இங்கேயும் எழவில்லை.

அவர் திரும்பி வந்து பீரோவைத் திறந்தார். விண்ணப்ப ஃபைலை எடுத்தார். 34-ஆவது கேள்விக்கு எல்லோரும் சொந்தக் கையெழுத்தில் பத்து வரி எழுதியிருக்கிறார்களே, ஒப்பிட்டுப் பார்த்தால் ஆயிற்று!

"ஐயா, இந்த ஃபைலை எதுக்கு வாங்கினோம்?" என்றேன்.

"ஃபீஸ் கட்டத்தான்."

"அப்ப கையெழுத்துப் பாக்க எடுக்கலாமா?"

"தண்டிக்கவா போறேன் தம்பி? கூப்பிட்டு சமாதானம் சொல்லலாம்னுதான்" என்றார். நிஜமாகவே அதற்குத்தான். ஆனாலும் யோசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃபைலைத் திரும்ப உள்ளே வைத்தார்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். வழக்குப் போட்டவர் புட்டசாமி, ஓய்வு பெற்ற நீதிபதி. ஆதார் இல்லை என்பதற்காக ஒரு குழந்தைக்கு எந்தத் திட்டத்தின் பலனையும் மறுக்கக் கூடாது என்று 2018 செப்டம்பரில் இன்னொரு தீர்ப்பு. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 2025 நவம்பரில் அதற்கு விதிகள். முக்கியமான கடமைகளுக்கு அங்கிருந்து பதினெட்டு மாத அவகாசம். எதற்கென்று சொல்லி வாங்கினாயோ அதற்கு மட்டும் பயன்படுத்து, வேலை முடிந்ததும் அழி, பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வாங்கு, புகார் சொல்ல ஒரு வழி வை: சாரம் இவ்வளவுதான்.

ஒரு வேடிக்கை, இந்தச் சட்டம் டிஜிட்டல் தகவலுக்குத்தான். பீரோவில் இருக்கிற காகிதம் காகிதமாகவே இருக்கும்வரை அதைத் தொடாது. யாராவது செல்போனில் போட்டோ எடுத்த நொடியில் தொட்டுவிடும். இன்னொரு வேடிக்கை, தகவலைக் காபந்து பண்ணாமல் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். பொய்ப் புகார் கொடுத்தவருக்கும் உண்டு, பத்தாயிரம் வரை. முதலாவது நம் கமிட்டிக்குத் தமாஷாகப் பட்டது. இரண்டாவதைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். பெட்டியில் மறுபடி பஸ் டிக்கெட்தான் விழும்.

அடுத்த மாதம் அந்தப் பெண்ணின் அம்மா வந்தார். வேலை முடிந்து நேராக வந்திருப்பார் போல, கையில் கூடை. மேனேஜர் நாற்காலி போட்டார். உட்காரவில்லை.

"பணம் வேணாம்னு சொல்ல வரலீங்க ஸார். அது எழுதிக் குடுத்த பேப்பரை மட்டும் குடுத்துடுங்க. காலேஜுக்குப் போகமாட்டேங்குது."

"தாராளமா எடுத்துக்கம்மா" என்று ஃபைலிலிருந்து உருவிக் கொடுத்தார். அந்த அம்மா வாங்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இது ஒண்ணுதானுங்களா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

தேடினோம். முழுதாக நாலு நாள். கம்ப்யூட்டரில் ஒன்று. மைக் பிடித்தவர் வீட்டு டி.வி. ஸ்டாண்டில் ஒரு ஜெராக்ஸ். வெளிநாட்டு நன்கொடையாளர் ஒருவருக்கு அனுப்பிய ஈமெயிலில் ஒன்று. அவர் 'மனதை உருக்கியது' என்று எழுதித் தன் நண்பர்கள் பதினோரு பேருக்குத் தட்டிவிட்டிருந்தார். எதிர் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் இன்னொன்று. கடைக்காரர், 'நாலு வருஷமா எதையும் அழிச்சதில்லீங்க' என்றார், அதுவும் ஒரு சேவை என்பதைப்போல. கிடைத்ததை எல்லாம் அழித்தோம். அந்தப் பதினோரு பேரை ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த அம்மாவிடம் இதை அப்படியே போய்ச் சொல்லவேண்டும் என்று மேனேஜர்தான் சொன்னார். தானே போனார், ஸ்கூட்டரில். இந்த விஷயத்தில் அவர்மேல் எனக்கு ஏற்பட்ட மரியாதையை அவரிடம் சொல்லவில்லை.

கமிட்டி கூடி, 34 கேள்வி 12 ஆயிற்று. 'கதை தெரியாம எப்படி ஸார் பணம் குடுக்கிறது?' என்று ஒரு மெம்பர் மல்லுக்கு நின்றார். ஃபீஸ் ரசீதும் மார்க் ஷீட்டும் போதும், கதை வேண்டுமானால் சினிமாவுக்குப் போகட்டும் என்பது என் கட்சி. இப்போது ஆதார் நகல் வாங்குவதானால் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற நகல்தான். நோட்டீஸ் போர்டில் பெயர் இல்லை, விண்ணப்ப எண் மட்டும். மைக்கில் பெயரோடு சரி.

புகார்ப் பெட்டி மாடிப்படி வளைவுக்குப் போயிற்று. சாவி, பாங்க்கில் இருந்து ரிடையர் ஆன ஒரு மேடத்திடம். மாதம் இருமுறை திறந்து, நோட்டில் நம்பர் போட்டு, என்ன செய்தோம் என்று எழுதி மாட்டவேண்டும். யாரைப் பற்றிய புகாரோ அவர் கைக்கு அது போகக்கூடாது. மேடம் முதல் நாளே ஒன்று சொல்லிவிட்டார்: பிள்ளைகளிடம் யாராவது தப்பாக நடந்ததாகச் சீட்டு வந்தால் நோட்டு, கமிட்டி, சமாதானம் எதுவும் கிடையாது, நேரே போலீஸ். போக்சோ சட்டத்தில் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். 1098 என்று பெட்டியின் மேலேயே பெரிதாக எழுதச் சொன்னார்.

அந்தப் பெண் மூன்று வாரம் காலேஜ் போகவில்லை. அப்புறம் போனாள். இரண்டாவது செமஸ்டர் ஃபீஸ் ரசீது என் மேஜைக்கு வந்தது. நிகழ்ச்சிக்கு அழைத்தால் வருவதில்லை, நாங்களும் காரணம் கேட்பதில்லை.

பெட்டி இடம் மாறிய முதல் மாதம் நாலு புகார். ஒன்று, டியூஷன் நேரத்தில் பக்கத்து ஒர்க்ஷாப் சத்தம். மற்ற மூன்றும் பெண்கள் பாத்ரூமுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை என்று. மூன்று வருஷமாக இல்லையாம். தாழ்ப்பாள் 65 ரூபாய், கார்ப்பென்டர் கூலி 150. வவுச்சர் என்னிடம் இருக்கிறது.