மன்னிப்புடன் முடிந்துவிடாத கடமை

ஐக்கிய நாடுகள் சபை 1994 ஆம் ஆண்டு மேற்கொண்ட தீர்மானத்தின்படி ஆகஸ்ட் 9 ஆம் திகதி உலகப் பழங்குடி மக்கள் தினமாக ஆண்டுதோறும் அனுஷ்டிக்கப்பட்டு வருகிறது. ஆனால், ஓர் இனக்குழுமத்தின் உரிமைகள் பாதுகாக்கப்படுகின்றனவா என்பதை அறிய விழா மேடைகளைப் பார்க்க வேண்டியதில்லை. அதன் சிறுவர்கள் எங்கே, யாருடைய பராமரிப்பில், எந்த மொழியைப் பேசி வளர்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே போதுமானது.

இதற்குக் கனடா தக்க உதாரணமாகும். அங்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஏறத்தாழ 150,000 பழங்குடிச் சிறுவர்கள், அரசின் நிதியில் பெரும்பாலும் திருச்சபைகளால் நடத்தப்பட்ட வதிவிடப் பாடசாலைகளில் சேர்க்கப்பட்டனர். பலர் பெற்றோரிடமிருந்து பலவந்தமாகவே பிரிக்கப்பட்டனர். தாய்மொழியைப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட அச்சிறுவர்களில் ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவேயில்லை. பழங்குடியினரைப் பழங்குடியினராக இல்லாமற் செய்வதே அக்கொள்கையின் நோக்கமாக இருந்தது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015 ஆம் ஆண்டு இதனைக் கலாசார இனப்படுகொலை என்றே வர்ணித்தது. அவுஸ்திரேலியாவிலும் இதே கொடுமை நிகழ்ந்ததை 1997 ஆம் ஆண்டு வெளியான விசாரணை அறிக்கை உலகறியச் செய்தது.

இத்தகைய அநீதிகளைத் தடுப்பதற்கான சர்வதேச ஏற்பாடுகள் இல்லாமலில்லை. 1989 ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 30 ஆவது உறுப்புரை, பழங்குடிச் சிறுவர்கள் தமது கலாசாரத்தையும் சமயத்தையும் மொழியையும் பேணும் உரிமையை அங்கீகரிக்கிறது. ஓர் இனக்குழுமத்தின் பிள்ளைகளைப் பலவந்தமாக வேறொரு குழுமத்துக்கு மாற்றுவதை 2007 ஆம் ஆண்டின் பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம் தடைசெய்கிறது. இருபது வருடங்களுக்கும் மேற்பட்ட கலந்துரையாடல்களின் பின்னர் 144 நாடுகளின் ஆதரவுடன் நிறைவேறிய அப்பிரகடனத்தை நான்கு நாடுகள் எதிர்த்தன. அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய அந்நாடுகள் பிற நாடுகளுக்கு மனித உரிமைகளைப் போதிப்பவை என்பது கவனிக்கத்தக்கது. அவை 2010 ஆம் ஆண்டு முடிவதற்குள் தமது நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டதை ஒரு முன்னேற்றமாகவே கொள்ள வேண்டும்.

2008 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரூட்டும் கனேடியப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரும் தத்தமது பாராளுமன்றங்களில் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினர். ஆனால் மன்னிப்புக் கோரிய பின்னரும் நிலைமை எவ்வாறிருந்தது? கனடாவின் 2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, 15 வயதுக்குட்பட்ட சிறுவர்களில் 7.7 வீதத்தினரே பழங்குடியினர். எனினும், வளர்ப்புக் குடும்பங்களில் வாழ்ந்த அவ்வயதுச் சிறுவர்களில் 53.8 வீதத்தினர் அவர்களே. பாடசாலைகள் மூடப்பட்ட பின்னரும் பிரிவு நிற்கவில்லை. பழங்குடிச் சிறுவர்களின் நலன்புரிச் சேவைகளுக்குப் போதிய நிதி வழங்காமல் அரசு பாரபட்சம் காட்டியதாகக் கனேடிய மனித உரிமைகள் நியாய சபை 2016 ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. வறுமையைப் போக்க உதவாமல், வறுமையைக் காரணங்காட்டிப் பிள்ளையைப் பிரித்தெடுப்பது எவ்வகையில் நலன்புரியாகும்?

சட்டப் போராட்டத்தின் பயனாக 2300 கோடி டொலருக்கும் அதிகமான இழப்பீட்டுக்கு 2023 ஆம் ஆண்டு நீதிமன்றம் அங்கீகாரம் வழங்கியது. சிறுவர் நலன் விடயங்களைப் பழங்குடிச் சமூகங்களே நிர்வகிக்க இடமளிக்கும் 2019 ஆம் ஆண்டுச் சட்டத்தை உயர் நீதிமன்றம் 2024 இல் உறுதிசெய்தது. சர்வதேசப் பிரகடனங்கள் தாமாக எவரையும் காப்பாற்றுவதில்லை. பாதிக்கப்பட்ட மக்கள் அவற்றைக் கையிலேந்திப் போராடும்போதே அவை உயிர்பெறுகின்றன.

2007 ஆம் ஆண்டின் பிரகடனத்தை ஆதரித்து வாக்களித்த நாடுகளுள் இலங்கையும் ஒன்றாகும். ஆயினும், 1983 ஆம் ஆண்டு மதுரு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது தமது வேட்டைக் காடுகளை இழந்த வேடுவர்களின் குறைகள் இன்னும் முற்றாகத் தீரவில்லை. அவர்களின் மொழி அழிவின் விளிம்பில் நிற்கிறது. கிழக்கின் கரையோர வேடுவர்களோ இன்று தமிழையே பேசுகின்றனர். ஆகவே இது அரசுக்கு மட்டுமன்றி, மொழியுரிமைக்காக நீண்டகாலம் குரல்கொடுத்து வந்த தமிழ் பேசும் மக்களுக்கும் உரிய வினாவாகும். எமக்குக் கோரும் உரிமையை எம்மிலும் சிறிய ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு வழங்க நாம் தயாரா?