நஞ்சைத் தடுத்த திருக்கரம்

பிரதோஷ வேளையில் மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் ஆலயத்தில் நந்தியெம்பெருமானுக்கு அபிஷேகம் நடைபெறுகையில், தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பகுதிகளிலிருந்து வரும் முதியோர் பலர் பேரப்பிள்ளைகளின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்விப்பர். படிப்பு, வேலை, திருமணம் ஆகிய வேண்டுதல்கள் வாய்விட்டுச் சொல்லப்படும். வாய்விட்டுச் சொல்ல இயலாத வேண்டுதலும் ஒன்று உண்டு. பேரன் போதைப் பழக்கத்தில் சிக்கிவிட்டானோ என்னும் அச்சமே அது.

அந்த அச்சம் எழும் இல்லத்தில் முதலில் நிகழ்வது மறைத்தல். மகன் தந்தையிடம் மறைப்பான். மருமகள் மாமியாரிடம் மறைப்பாள். விவரம் அறியாத பாட்டி, பேரன் கேட்கும்போதெல்லாம் சுருக்குப் பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுப்பாள். குடும்ப மானத்தைக் காப்பதாக எண்ணிச் செய்யும் இச்செயல்களால் நோயே வளர்கிறது. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, சட்டவிரோத போதைப் பொருள்களுக்கு அடிமையானோரில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை உதவியைப் பெற்றிருந்தார்.

"சாதுக்கள் புகைப்பதில்லையா? கஞ்சா சிவபெருமானுக்கு உகந்த மூலிகைதானே?" என்று வாதிடும் பிள்ளைகளும் உண்டு. பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த ஆலகாலத்தை ஈசன் உண்டது இன்பம் வேண்டி அன்று; உலகுயிர்கள் பிழைத்திருக்க வேண்டி. பிறர் துன்பத்தைத் தாம் ஏற்ற பெருமானின் பெயரால், பெற்றோருக்குத் துன்பம் தரும் பழக்கத்தை நியாயப்படுத்த இயலாது.

அறிவியலும் எச்சரிக்கிறது. ஸ்வீடன் நாட்டில் 1969-70-இல் இராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களின் உடல்நிலையை ஆய்வாளர்கள் 15 ஆண்டுக் காலத்துக்குத் தொடர்ந்து ஆராய்ந்தனர். இளமையிலேயே 50 முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தோரிடம், பயன்படுத்தாதோரைவிடச் சுமார் 6 மடங்கு அதிகமாக மனச்சிதைவு நோய் காணப்பட்டது என 1987-இல் அவர்கள் அறிவித்தனர். கஞ்சாவைத் தொட்டவர் அனைவருக்கும் அந்நோய் வருவதில்லை. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் இளவயதில் தொடங்குவோருக்கும், குடும்பத்தில் மனநோய் உடையோருக்கும் ஆபத்து மிகுதி என்பதைப் பிற்கால ஆய்வுகளும் காட்டுகின்றன. நன்மை தீமைகளைச் சீர்தூக்கும் மூளைப் பகுதி முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ 25 வயது ஆகிறது. அதற்குள் நுழையும் போதை, உணவிலும் உறவிலும் இயல்பாகத் தோன்றும் மகிழ்ச்சியை மங்கச் செய்து, தன்னையே நாடும்படி மூளையைப் பழக்கிவிடுகிறது. ஆகவே, "மனம் வைத்தால் விட்டுவிடலாமே" என்று கடிவதால் மட்டும் பயன் விளைவதில்லை.

இந்த உண்மையைத் தம் வாழ்வின் இழப்பிலிருந்து உணர்ந்தவர் சென்னையைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதன். முன்னாள் மத்திய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட அவர், குடிநோய்க்குத் தம் கணவரைப் பறிகொடுத்தார். புகழ்பெற்ற குடும்பத்துக்கு மறைப்பது எளிது. அவரோ கணவரின் பெயரிலேயே 1980-இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை நிறுவினார். தென்சென்னையில் இந்திரா நகரில் அமைந்த அதன் மருத்துவமனையில் நோயாளியுடன் அவர் குடும்பத்தாருக்கும் பயிற்சியும் ஆலோசனையும் அளிப்பது சிகிச்சையின் அங்கமாயிற்று. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பிறர் மூடி மறைக்கும் ஒரு நோயின் பெயரோடு தம் குடும்பப் பெயரைச் சேர்த்து வாயிற்பலகையில் எழுத அவர் தயங்காததால், எண்ணற்ற இல்லங்களுக்கு வழி திறந்தது.

வீட்டுப் பெரியோர் செய்யத்தக்கவை சில உண்டு. பேரனின் உறக்கம், நட்பு, செலவு ஆகியவை திடீரென மாறினால் கவனிக்க வேண்டும், உடனே குற்றவாளியாக்கிவிடலாகாது. போதையில் இருப்பவனோடு வாதிடுவது வீண் என்பதைக் கள்ளுண்ணாமை அதிகாரத்திலேயே வள்ளுவர் உணர்த்தியுள்ளார். தெளிந்திருக்கும் வேளையில், தனிமையில், அன்போடு கேட்பதே முறை. தமக்கு மருத்துவர் எழுதித் தந்த வலி மாத்திரைகளையும் தூக்க மாத்திரைகளையும் பூட்டி வைத்தல் நலம். பிள்ளையை அறையில் அடைத்துப் பழக்கத்தை நிறுத்த முயலக் கூடாது. மிகுதியான குடியையோ தூக்க மாத்திரையையோ திடீரென நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

14446 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணில் வழிகாட்டுதல் பெறலாம். காவல்துறைக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லாதோரும் உளர். சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறிதளவு வைத்திருந்தவர் தாமே முன்வந்து, அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்று முடித்தால், வழக்கிலிருந்து விலக்கு அளிக்க 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஏ பிரிவு இடமளிக்கிறது. சிகிச்சைக்குப் பின்னும் சிலர் மீண்டும் வழுக்கி விழுவதுண்டு. மாத்திரையை நிறுத்தியதும் சர்க்கரை ஏறினால் எவரும் நோயாளியைக் கைவிடுவதில்லை. மீண்டும் மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றனர். இதற்கும் அதே பொறுமை வேண்டும்.

நஞ்சை உண்ட ஈசனின் கண்டத்தை அம்பிகை தம் திருக்கரத்தால் பற்றினாள் என்று புராணம் கூறுகிறது. நஞ்சு அங்கேயே நின்றது, பெருமான் திருநீலகண்டரானார். அன்னை திகைத்து நிற்கவில்லை, நாணி விலகவும் இல்லை. உரிய நேரத்தில் கையை நீட்டினாள். பிரதோஷ பூஜையில் அர்ச்சனைத் தட்டை ஏந்திய அதே கை, பேரனின் கையைப் பற்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமானால், அதுவும் நீலகண்டர் உவக்கும் வழிபாடே ஆகும்.