அதிசயக் கதைகளும் நமது அலட்சியமும்



நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் பாங்கொலி கேட்டாராம். பூமிக்குத் திரும்பியதும் இஸ்லாத்தைத் தழுவினாராம். ‘மறைக்கப்பட்ட வரலாறு’ என்னும் தலைப்புடன் இச்செய்தி நம் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இன்றும் வலம் வருகிறது. இது பொய். அவரே இதை மறுத்தார். 1983ஆம் ஆண்டில் அமெரிக்க வெளியுறவுத் துறை, முஸ்லிம் நாடுகளிலுள்ள தன் தூதரகங்களுக்கு அம்மறுப்பை எழுதியனுப்பியது.

நாமும் ஒரு காலத்தில் இக்கதையை மக்தபில் சொன்னவர்களே. அருப்புக்கோட்டையில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், பள்ளிக்கூடத்தில் ஒலியைப் பற்றிய பாடம் படித்துவிட்டு வந்து, “ஹஜ்ரத், காற்றில்லாத இடத்தில் சத்தம் கேட்காதாமே? அப்படியானால் நீங்கள் சொன்ன மற்றவை?” என்று வினவினார். நாம் தலைகுனிந்தோம். ஒரு பொய், நாம் கற்பித்த மெய்கள் அனைத்தின் மீதும் ஐயத்தைப் படரவிட்டது.

“நல்ல நோக்கத்தில்தானே பகிர்கிறோம்” என்பர் சிலர். நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவரும் அப்படித்தான் எண்ணினார். மக்களைக் குர்ஆனின்பால் ஈர்ப்பதற்காக அத்தியாயங்களின் சிறப்பைப் பற்றி அவர் ஹதீஸ்களை இட்டுக்கட்டியதாக ஹதீஸ் கலை நூல்கள் பதிவு செய்துள்ளன. நோக்கம் நல்லதென்று அறிஞர்கள் அவரை விட்டுவிடவில்லை. பொய்யர் பட்டியலிலேயே சேர்த்தனர். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பது சூரத்துல் ஹுஜ்ராத்தின் ஆறாம் வசனம் இடும் கட்டளை. அது கைபேசிச் செய்திக்குப் பொருந்தாதா?

வியப்பூட்டும் வரலாறுதான் வேண்டுமெனில், அதற்கு நிலவுக்குப் போக வேண்டியதில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடிச் சாலையில் பந்தல்குடியைக் கடந்து சென்றால் எட்டயபுரம். பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வைத் தமிழில் காப்பியமாகப் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருப்பது அவ்வூரில். சீறாப்புராணத்தில் 5027 பாடல்கள் உள்ளன. கீழக்கரைச் சீதக்காதியும், அவருக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரும் புலவரை ஆதரித்தனர். ஓலைச் சுவடிகளில் கிடந்த அந்நூலைச் சேகனாப் புலவர் 1842இல் அச்சேற்றினார். அதில் பெருமானாரின் வாழ்வு முழுமையாகப் பாடப்படவில்லை. எஞ்சியதைப் பின்னர் பனீ அகுமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’வாகப் பாடினார். திருச்சுழிக் கரிசலில் வாழும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் இதனை அறிவர்?

நம்மவர் கதைகளுக்கும் அதே உரைகல்தான். சீதக்காதியின் மண்ணறையிலிருந்து கை வெளிவந்து புலவருக்கு மோதிரம் தந்தது என்பது கதை. ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று இந்நாடே பழமொழியாகச் சொல்லுமளவுக்கு அவர் வாரி வழங்கினார் என்பது வரலாறு. பின்னதே நம் பிள்ளைகளுக்குப் போதுமானது.

பெற்றோர்களே! அடுத்த முறை ‘மறைக்கப்பட்ட உண்மை’ என்று ஒன்று வந்தால், யார் சொன்னது, எங்கே பதிவாகியுள்ளது என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் அதனை உங்களோடு நிறுத்துங்கள். விடுமுறையில் ஒருநாள் பிள்ளைகளை எட்டயபுரத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். உண்மையைச் சொல்லி வளர்க்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.