அஜைல் என்னும் தினப்படி விசாரணை

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி ஓர் அறிக்கை எழுதினார்கள். நான்கு விழுமியங்கள், பின்னர் பன்னிரண்டு கொள்கைகள். அதுதான் அஜைல். அதில் ஸ்பிரிண்ட் என்ற சொல் இல்லை, ஸ்டோரி பாயிண்ட் இல்லை. வேலை செய்பவரை நம்பு, காலத்துக்கும் தாங்கும் வேகத்தில் போ என்பது இருக்கிறது.

நம் ஐடி நிறுவனங்கள் பலவும் நம்பிக்கையை விட்டுவிட்டுச் சடங்கை எடுத்துக்கொண்டன. ஸ்க்ரம் வழிகாட்டி சொல்லும் 15 நிமிட தினசரிக் கூட்டம், டெவலப்பர்கள் தங்களுக்குள் அன்றைய வேலையைத் திட்டமிட. இங்கே அது "நேத்து என்ன பண்ணீங்க?" என்று மேலாளர் கேட்க, ஒவ்வொருவராக ஒப்பிக்கும் வாய்ப்பாடு.

மதிப்பீடும் அப்படித்தான். "எட்டு பாயிண்டா? அஞ்சுல முடிச்சிடலாமே" என்பது மதிப்பீடு அல்ல, மீன் சந்தை பேரம். ஸ்பிரிண்டுக்கு எடுத்த வேலையை வாக்குறுதி என்று சொல்லிவந்த ஸ்க்ரம் வழிகாட்டியே 2011இல் அதை முன்கணிப்பு என்று திருத்தியது. அந்தப் 17 பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், ஸ்டோரி பாயிண்டை ஒருவேளை நான்தான் கண்டுபிடித்திருப்பேன், அப்படியானால் வருந்துகிறேன் என்ற பொருளில் எழுதிவிட்டார். நம் மேலாளர்கள் காதில் இரண்டுமே விழவில்லை.

காரணம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. தேதி, தொகை, வேலையின் அளவு மூன்றையும் கையெழுத்துப் போட்டு இறுக்கிவிட்டு, "நாங்க அஜைல்" என்றால் என்ன அர்த்தம்? மூன்றும் அசையாதபோது அசையக்கூடியது ஒன்றுதான்: டெவலப்பரின் ராத்திரித் தூக்கம்.

"அப்போ வாட்டர்ஃபால் தேவலையா?" என்பார்கள். இல்லை. ஆறு மாதம் கழித்துத் தெரியவந்த தவறு இன்று இரண்டு வாரத்தில் தெரிகிறது. அது பெரிய லாபம்தான். ஆனால் தெரிந்த பிறகு திட்டத்தை மாற்ற அனுமதி இல்லையென்றால், சீக்கிரம் தெரிந்து என்ன பயன்?

சோதனை எளிது. அடுத்த பிளானிங் கூட்டத்தில் டீமிலேயே இளையவர், "இவ்வளவும் ரெண்டு வாரத்துல முடியாது" என்று சொல்லட்டும். பட்டியலிலிருந்து ஒரு வேலையை எடுத்தால் அது அஜைல். "கொஞ்சம் ஸ்ட்ரெச் பண்ணிக்கலாமே" என்று பதில் வந்தால் அது பழைய மேஸ்திரித்தனம்தான், பெயர்ப்பலகை மட்டும் புதுசு.