ரயிலின் இரு முனையும் ரப்பர் மண்!



சுங்கை பூலோவை அடுத்த குவாசா டாமன்சாராவிலிருந்து புத்ராஜெயா வரை எம்.ஆர்.டி. ரயில் ஓடுகிறது. 57.7 கிலோமீட்டர் பாதை. 2022 ஜூன் 16-இல் முதற்பகுதியும் 2023 மார்ச் 16-இல் மீதிப் பகுதியும் திறக்கப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஜனம் பெருகுகிறது, சாலைகள் திணறுகின்றன. ரயில் வேண்டும். வேண்டாம் என்பவன் மூடன். நமது வழக்கு ரயிலோடு அல்ல. ரயில் போன மண்ணில் வியர்வை சிந்தியவனுக்கு என்ன கிடைத்தது என்பதே வழக்கு.

பாதையின் இரு முனைகளையும் பாருங்கள். வட முனை, ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டமாக இருந்த நிலம். தென் முனை, பேராங் பெசார் தோட்டம் இருந்த நிலம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் 1921-இல் திறந்த தோட்டம் அது. துரைமார் கதை ஏட்டில் இருக்கிறது. பால் வெட்டியவன் கதை எங்கே?

1990-களில் அங்கே நிர்வாகத் தலைநகர் எழுந்தது. பேராங் பெசார் உள்ளிட்ட நான்கு தோட்டங்களின் மக்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். தரை வீடு கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். பிறகு ரயில் வந்தது. சைபர்ஜெயாவுக்கு இரண்டு நிலையம், புத்ராஜெயாவுக்கு ஒன்று. டெங்கிலுக்கு? பூஜ்யம்!

"ரயில் எல்லாருக்கும் பொது; 50 ரிங்கிட்டுக்கு மாதச் சீட்டும் உண்டே!" என்கிறார்கள் சிலர். ஐயா, சீட்டு மலிவுதான். நிலையத்துக்கு எதில் வருவது? நான் கிராணி, விடியுமுன் பெரட்டில் பெயர் வாசிக்கிறவன். அந்த நேரத்தில் தோட்டத்து வாசலில் எந்த பஸ் நிற்கிறது? பஸ் இல்லாதவனுக்கு ரயில், பார்த்து ரசிக்கும் பொருள்தான்.

இன்னொரு கணக்கு. வட முனை நிலத்தை வாங்கியது ஊழியர் சேமநிதி வாரியம். சேமநிதி யார் பணம்? மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கும் நம் பணம்! "லாபம் ஈவுத் தொகையாக உனக்கே வருகிறது" என்பார்கள். வரட்டும். ஆனால் ஈவு, சேமிப்பின் அளவுக்கு ஏற்பத்தானே வருகிறது? பெரிய சம்பளக்காரனுக்குப் பெரிய ஈவு, வெட்டுக்காரனுக்குச் சில்லறை. அந்தச் சில்லறை ரயிலடியில் வீடு வாங்கப் போதுமா?

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஒன்று: ரயிலுக்கோ, ரயிலை நம்பி எழும் நகருக்கோ தோட்டம் எடுக்கப்பட்டால், லயம் இடியுமுன் அதே வட்டாரத்தில் தொழிலாளிக்குச் சொந்த வீடு. இரண்டு: தோட்டத்துக்கும் தாமானுக்கும் நிலையத்துக்கும் இடையே, வேலை நேரத்துக்கு ஏற்ற பஸ். மூன்று: தொழிலாளர் சேமிப்பில் வாங்கிய நிலத்தில், நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில், தொழிலாளி வாங்கக்கூடிய விலையில் வீடுகள்.

இது பிச்சை அல்ல, பாக்கி! கிளைக் கூட்டங்களில் தீர்மானம் போடுங்கள். நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். அடுத்த பாதைக்கு நிலம் அளக்கச் சங்கிலியோடு வருகிறவர்களிடம், முதலில் லயத்து வீடுகளை எண்ணச் சொல்லுங்கள். தண்டவாளம் பதிந்த பிறகு கூவினால் ரயில் நிற்காது.

— ஒரு தோட்டத்துக் கிராணி