மகாகவிகளும் படையெடுப்பும்

2022ல் ருஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் புகுந்த பிறகு அந்நாட்டார் தங்கள் ஊர்கள் பலவற்றில் நின்ற புஷ்கின் சிலைகளை எடுத்துவிட்டார்கள். உடனே பண்டிதர்கள் சிலர், "ஐயோ, மகாகவியை அவமதிக்கலாமா? கவிக்கும் பீரங்கிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கூச்சல் போட்டார்கள். சம்பந்தம் உண்டா இல்லையா என்பதை அம்மகாகவியின் எழுத்தைக் கொண்டே பார்ப்போம்.

'காக்கேசியக் கைதி' என்னும் காவியத்தைப் புஷ்கின் 1822ல் வெளியிட்டார். அப்போது அவருடைய நிலைமை என்ன? சர்க்காருக்குப் பிடிக்காத பாட்டுகள் எழுதியதற்காக 1820ல் தலைநகரை விட்டுத் தெற்கே துரத்தப்பட்டவர். தன் முதுகில் அடி விழுந்தபோது சுதந்திரம் பாடிய அந்த வாய், அதே அதிகாரம் மலைநாட்டு ஜனங்களை மிதித்தபோது என்ன பாடிற்று? காவியத்தின் முடிவுரையில், மலைநாட்டாரைப் பணிந்து போகச் சொல்லி எர்மோலாவ் என்னும் தளபதியைத் துதி செய்கின்றார். இந்த எர்மோலாவ் யார்? 1818ல் செச்சேனியர் நாட்டில் கோட்டை கட்டி, அதற்குக் 'குரோஸ்னி', அதாவது 'பயங்கரம்', என்று பெயர் வைத்தவன். கிராமங்களைக் கொளுத்துவதும், பிணையாட்களைப் பிடித்து வைப்பதுந்தான் அவனுடைய ஆட்சிமுறை.

"அந்தக் காலம் அப்படி" என்று சமாதானம் சொல்லுவார்கள். அதுவும் புரட்டேயாகும். புஷ்கினின் சினேகிதரும் கவியுமான வியாசெம்ஸ்கி அதே 1822ல் ஒரு கடிதத்தில், மனிதரைக் கொன்று குவித்ததில் வீரம் எங்கே இருக்கின்றது, இதையும் பாட்டாக்குவதா என்ற கருத்துப்பட வருந்தி எழுதினார். எனவே அக்காலத்திலும் கண் உள்ளவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

நிற்க, புஷ்கின் 1829ல் அந்நாட்டு வழியே பிரயாணம் செய்து ஒரு நூல் எழுதினார். சர்க்கேசியர் ருஷ்யரை ஏன் வெறுக்கின்றார்கள் என்பதை அதில் அவர் மறைக்கவில்லை. மேய்ச்சல் நிலத்தைப் பறித்தோம், ஊர்களை அழித்தோம் என்று ஒப்புக்கொள்கின்றார். சரி, வியாதி தெரிந்தவர் மருந்து என்ன சொன்னார்? நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றா? இல்லை. தேநீர் ருசியைக் காட்டிப் பழக்கலாமாம். அதைவிட மேலான வழி, பாதிரிகளை அனுப்பிச் சுவிசேஷம் போதிப்பதாம்! முதலில் துப்பாக்கி, அப்புறம் தேநீர், அப்புறம் வேதப்புத்தகம். கொள்ளைக்காரன் பின்னால் கடவுள் மூட்டை தூக்கிக்கொண்டு நடப்பது எந்த நாட்டில்தான் இல்லை?

டாஸ்டாவ்ஸ்கி ஏழைகளின் கண்ணீருக்காகப் பக்கம் பக்கமாய் உருகியவர். 1881ல் ஸ்கோபெலெவ் தளபதி துருக்மேனியரின் கியோக்-தெப்பே கோட்டையைப் பிடித்து, ஓடினவர்களையெல்லாம் விரட்டிக் கொன்றபோது அவர் உருகினாரா? ஐரோப்பாவில் நம்மை அடிமைபோல் பார்க்கின்றார்கள், ஆசியாவிலோ நாம் எஜமானராய்ப் போகலாம் என்று பூரித்து எழுதினார். மேலே உள்ளவன் உதைத்தால் கீழே உள்ளவனை உதைத்து ஆறுதல் தேடும் இந்தப் புத்தியை நம் வாசகர்கள் நன்றாய் அறிவார்கள்.

டால்ஸ்டாயை மட்டும் இக்கூட்டத்தில் சேர்க்க முடியாது. வாலிபத்தில் அந்தப் படையிலேயே இருந்தவர்; முதுமையில் 'ஹாஜி முராத்' எழுதினார். அதில் படை திரும்பிய பிறகு கிராமத்தார் ஊருக்குள் வருகின்றார்கள். வீடுகள் இடிந்து கிடக்கின்றன. ஒரு சிறு பையன் முதுகில் குத்துப்பட்டுப் பிணமாய்க் கிடக்கின்றான். பழமரங்கள் முறிந்து, தேன்கூடுகள் கருகிக் கிடக்கின்றன. குடிக்கும் ஊற்றிலும் பள்ளிவாசலிலும் அசிங்கம் செய்திருக்கின்றார்கள். கூடிப் பேசிய கிழவர்களுக்கு வெறுப்புக்கூட வரவில்லை. இதைச் செய்தவர்களை மனிதர் என்றே அவர்களால் எண்ண முடியவில்லை. நாகரிகம் கொடுக்கப் போனோம் என்பவர்கள் அந்த இரண்டொரு பக்கத்தைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

புஷ்கினின் தளபதி துதி அப்போதே அச்சாயிற்று. 'ஹாஜி முராத்' டால்ஸ்டாயின் ஆயுளில் வரவில்லை. அவர் இறந்த பிறகு, 1912ல், தணிக்கைக்காரர் வெட்டியது போக மிச்சந்தான் ருஷ்யாவில் வெளிவந்தது. முழு நூல் அச்சேறப் பெர்லினுக்குப் போக வேண்டியிருந்தது. எழுத்துக்கும் பீரங்கிக்கும் சம்பந்தமில்லையென்றால், ஜார் சர்க்கார் எதற்காகக் கத்திரிக்கோலைத் தூக்கிற்று?